ஒச்சாயி அத்தையின் கையுறை

ஒச்சாயி அத்தை யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம். பேசிக்கொண்டே முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து, எதிரில் இருப்பவரின் உள்ளங்கையைச் சுற்றி அளந்து, அளவு முடியும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால், "சும்மாத்தான்" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இப்படித்தான். என் கையை மட்டும் ஐந்தாறு தடவை அளந்திருப்பார். நான் வளர்ந்துகொண்டிருந்தேன் அல்லவா.

அவர் என் அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும், மதுரையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கோடையில் அந்த அம்மா கொடைக்கானல் போகும்போது அத்தையும் போவார். கம்பளி நூலில் பின்னக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஒடிந்த குடையின் கம்பிகளைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டார். டாக்டரம்மா கழித்துப்போட்ட ஸ்வெட்டர்களைப் பிரித்தால் நூல். மலையில் பின்னியதை மற்ற ஆயாக்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கீழே இறங்கினால், மதுரை வெயிலில் சால்வை யாருக்கு வேண்டும்? வியர்த்த விரலில் நூல் ஒட்டும். ஈரத்துணியில் கையைத் துடைத்துத் துடைத்துப் பின்னுவார். பின்னியதை மடித்து, வேப்பிலை போட்டுத் தகரப்பெட்டியில் வைத்துவிடுவார்.

"நம்ம சனத்துல ஒருத்தராச்சும் இதப் போட்டுப் பாக்கணும் மருமகனே" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் என் அக்கா தங்கப்பொண்ணுக்குக் கல்யாணம். அத்தை முறைக்குச் சேலை வைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் டாக்டரம்மாவிடம் கேட்டு மெல்லிய புது நூல் வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து, பூவும் இலையுமாகத் துளை விழும்படி ஒரு சால்வை பின்னினார். கல்யாணத்துக்கு வெள்ளை ஆகாதென்று மாந்தளிர் நிறமாகப் பார்த்து எடுத்தார். துளையை அவர் யோசிக்கவில்லை.

பந்தலில் தாம்பாளத்தில் விரித்ததும் மாப்பிள்ளையின் பெரியம்மா குனிந்து பார்த்தார். "என்னாத்தா இது, சீருக்குப் பூச்சி அரிச்ச துணியா?"

"அரிக்கல மதினி. பின்னுனதே அப்புடித்தான்."

"எது, ஓட்டையவா ஆறு மாசம் பின்னுன?"

பந்தலே சிரித்தது. "கம்மாயில போட்டா கெண்ட சிக்கும்டி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓட்டைத் துணி சீரில் வந்தால் வீட்டில் எதுவும் தங்காது என்பார்கள். அப்பா எழுந்து வந்து, சால்வையைச் சுருட்டித் தங்கையின் மடியில் வைத்தார்.

அந்த வருஷம்தான் நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். துரைமார் வீட்டுப் பெண்கள் அப்படிச் சால்வை போர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். துளைதான் வேலைப்பாடு என்று அந்தப் பந்தலில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் தலை குனிந்திருந்தார். இன்னொருவன் நான், புதுச் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள் என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் ஏற்கவில்லை.

அதன்பின் ஆறு வருஷம் அத்தை ஊருக்கு வரவில்லை. யுத்தம் வந்து டாக்டரம்மா சீமைக்குப் போய்விட்டார். அத்தை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து ஒற்றை அறையில் இருந்தார். கம்பளி நூல் கிடைக்கவில்லை. பின்னியதையே பிரித்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தார். அதே மதுரையில் பி.ஏ. படித்த நான், போய்ப் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும்.

நாற்பத்திரண்டு மார்கழியில் அப்பாவின் உள்ளங்கைகள் வெடித்து ரத்தம் கசிந்தன. விடிகாலைப் பனியில் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது ஈர வடத்தைப் பிடித்துப் பிடித்து வந்த வெடிப்பு. மருந்து வாங்க அவரை மதுரைக்கு அழைத்து வந்தவன், சொல்லாமலே அத்தையின் அறைக்குக் கூட்டிப் போனேன்.

அத்தை முதலில் கையைத்தான் பார்த்தார். "என்னண்ணே, கையி இப்புடிக் கெடக்கு?"

"வடம் புடிக்கிற கையி வேற எப்புடித்தா இருக்கும்?"

அத்தையின் மடியில், விரல்களை வெளியே விட்டு உள்ளங்கையை மட்டும் மூடுகிற உறை ஒன்று நைந்த நூலில் பாதி பின்னிக் கிடந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரல் இல்லாமயா பின்னுவ?"

"வெரலு வேல செய்யணும்ல."

"அப்ப எனக்கும் ஒரு சோடி பின்னித் தாயேன்."

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்க வெகுநேரம் ஆனது. அவர் நூலை அப்பாவின் கையில் சுற்றத் தொடங்கியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

"தை பொறக்கறதுக்குள்ள நானே கொண்டுக்கிட்டு வாரேன்ணே" என்பது மட்டும் காதில் விழுந்தது.

தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியனுப்பி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. தகரப்பெட்டியில் முடிச்சுப் போட்ட நூல்கள் ஒரு கைப்பிடி இருந்தன. யார் யார் கை என்று தெரியவில்லை. கல்யாணச் சால்வை அங்கே இல்லை. அதைப் பிரித்து, மூன்று இழையாக முறுக்கித்தான் அப்பாவின் உறையைப் பின்னியிருக்கிறார். மாந்தளிர் நிறத்தில் ஒன்று முடிந்திருந்தது. மற்றது குடைக்கம்பியில் நாலு வரிசையோடு நின்றிருந்தது.

அப்பா இப்போதும் மார்கழியில் அந்த ஒன்றை வலக்கையில் மாட்டிக்கொண்டுதான் கமலைக்குப் போகிறார். இன்னொரு கைக்கு டவுனில் ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன்.

"நீ வாங்காத. இந்தக் கைக்கு அவதான் தரணும்" என்றார்.

இடது உள்ளங்கை இந்த வருஷமும் வெடித்திருக்கிறது.