கிட்டப் போய் எடுத்த படம்

அந்தக் கேமராவின் சிறிய கண்ணாடி ஜன்னலுக்குள் என் அண்ணன் இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருவர் தெளிவாக, இன்னொருவர் சற்றுத் தள்ளி மஞ்சளாய், மங்கலாக. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தை மெல்லத் திருப்பினேன். மங்கலான அண்ணன் நகர்ந்து வந்து தெளிவான அண்ணனுக்குள் புகுந்துகொண்டார். "ஒருத்தராயிட்டாரா? அப்ப படம் சரியா வுழும்" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணி. புதுச்சேரியில் ஒரு வீட்டு மாடியில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை நேரம் அது. அண்ணிக்குக் கேமரா வாங்குவதற்காக நாங்கள் மூவரும் விருத்தாசலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தோம்.

அண்ணியின் அப்பா விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். நெகட்டிவில் விழுந்த கீறல்களை மெல்லிய பிரஷ்ஷால் மறைக்கும் வேலையைச் சிறுமியாக இருந்தபோதே செய்தவர் அண்ணி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, போகிற கல்யாணங்களில் எல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறார். பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் போட்டோக்காரரை யாரும் விடுவதில்லை. "அந்த ரூமுலதாங்க அழகெல்லாம் இருக்குது. நான் போயி எடுக்கறேனே" என்று ஒருநாள் அண்ணனிடம் கேட்டார். சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன், பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் எல்லாம் மறுநாளே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆசை யாருடையது என்றே தெரியாத அளவுக்கு அவருக்குச் சந்தோஷம்.

கேமரா விற்றவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போன இடங்களில் வாங்கிச் சேர்த்த கேமராக்களைத் துணி விரித்து வரிசையாக வைத்தார். அண்ணனின் கண் நேராக ஒரு ஜெர்மன் கேமரா மேல் போனது. வெள்ளி போல் பளபளப்பு, அகலமான லென்ஸ். அதன் பக்கத்தில் ஒரு ருஷ்யக் கேமரா. அதற்கும் அப்பால், தோல் உரிந்து ஒரு மூலை நசுங்கிய ஜப்பான் கேமரா. "அது கீழ வுழுந்தது போலருக்கே" என்று அண்ணன் அதை ஒதுக்கினார்.

அண்ணி தன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தார். நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் சுட்டது. பூப்போட்ட கோப்பை கொண்டுவரட்டுமா என்று முன்பே கேட்டிருந்தேன். "பூ இருந்தா நம்ம கண்ணு பூவத்தான் பாக்கும். வெறும் வெள்ளைன்னா லென்ஸு எதயும் மறைக்க முடியாது" என்றிருந்தார்.

ஜன்னலோரம் கோப்பையை வைத்து, அதே வெளிச்சத்தில் மூன்று கேமராக்களிலும் படம் எடுத்தார். கேமரா விற்றவரிடமே படம் கழுவும் இருட்டறை இருந்தது. அவர் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு எடுத்து வரும்வரை நாங்கள் கடற்கரையில் சுண்டல் தின்றோம்.

ஜெர்மன் கேமராவின் படத்தில் கோப்பையின் விளிம்பு புகை சூழ்ந்ததுபோல் கரைந்திருந்தது. லென்ஸை விளக்கின் முன்னால் பிடித்து அண்ணி காட்டினார். கடலோரத்து ஈரத்தில் உள்ளே சிலந்தி வலை போல் பூசணம் படர்ந்திருந்தது. ருஷ்யக் கேமராவின் லென்ஸ் நல்லதுதான். ஆனால் அதன் ஜன்னலில் இரண்டாவது உருவம் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கிப்போயிருந்தது, வளையமும் இறுகிக் கிடந்தது. நசுங்கிய கேமராவின் படத்திலோ கோப்பையின் வளைவும், மெருகின் மேல் விழுந்த ஜன்னல் கம்பிகளின் பிம்பமும் அப்படியே இருந்தன. அண்ணன் அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நசுங்குனது தகரம்தான், கண்ணு இல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அதையே வாங்கினோம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றையும் சேர்த்துத் தருவதாக விற்றவர் சொன்னார். "வேணாங்க. எட்ட நின்னு எடுக்கறவங்களுக்குத்தான் அது. நான் பொம்பள, கிட்டப் போவேன். யாரு தடுப்பாங்க?" என்றார் அண்ணி.

அண்ணி படம் எடுத்த முதல் கல்யாணம் கருவேப்பிலங்குறிச்சியில். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பிரிவில் என்னோடு வேலை செய்தவள்தான் மணப்பெண். மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்ததும், "பொம்பள புடிச்சா படம் வுழுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அண்ணி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். அலங்கார அறைக்குள் போய்விட்டார். தலையில் பூ வைப்பதை, வளையல் போடுவதை எல்லாம் பொறுமையாக எடுத்தார். பந்தலுக்குப் போகும்போது தூசு படாமலிருக்க லென்ஸை மூடினார்.

அதைத் திறக்க மறந்தார். இந்த வகைக் கேமராவில் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். மேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். தலை குனிந்திருந்த பெண் ஒரு கணம் நிமிர்ந்தாள்.

"அக்கா! மூடிய எடுக்கல நீங்க!"

மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு மூடியைப் பிடுங்கினார். பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து மாப்பிள்ளையும் வாய்விட்டுச் சிரித்தார். தாலி அவர் கையில், சிரிப்பு இருவர் முகத்திலும். அண்ணி அழுத்திவிட்டார்.

இன்றைக்குக் கல்யாண மண்டபங்களில் சிரிங்க, சிரிங்க என்று கெஞ்சிப் படம் எடுக்கிறார்கள். அன்று அப்படியில்லை. "தாலி கட்டறப்ப என்னடி சிரிப்பு?" என்று யாரோ ஒரு பெரியவர் அங்கேயே அதட்டினார். வீட்டில் படத்தைக் கழுவிப் பார்த்தபோது அதுதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. ஆனால் அண்ணிக்குக் கலக்கம். "இதக் குடுத்தா அந்தப் பொண்ண ஏதாவது சொல்லிடுவாங்களோ?" என்றார். அதற்குப் பிறகு எடுத்ததைக் கூட்டம் மறைத்துவிட்டது, இதைக் கொடுக்காமல் விட்டால் தாலி கட்டும் படமே இல்லை. கடைசியில் மற்ற படங்களுக்கு அடியில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டி அந்தப் படத்தில் நின்றார். அதை வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகள், "அத்த, நான் சிரிச்சது தப்புங்களா?" என்றாள்.

அவர் விரல் படத்தில் மகனின் முகத்தின் மேல் இருந்தது. "இவுங்கப்பா போனதுலேருந்து எம்புள்ள இப்டிச் சிரிச்சி நான் பாக்கலம்மா" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியிடம், "இத பெருசாப் போட்டுக் குடு தாயி. கூடத்துல மாட்டணும்" என்றார்.

அன்று எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. கிளம்பும்போது தெருவே கூடி அந்தப் படத்தைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.