கை எட்டாத இடம்

அவளுக்குக் கொக்கி என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மாட்டினால் விடமாட்டாள். மாடி வீட்டுக்காரி ஒருமுறை இவள் கொடியில் காயப்போட்ட துணியைத் தள்ளிவிட்டுத் தன் போர்வையை விரித்தாள். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்யும்வரை கொக்கி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போதுதான் வாசலில் வந்து நின்று, "கொடியைத் துடைச்சிட்டுப் போறீங்களா, இல்ல நானே துடைக்கணுமா?" என்று கேட்டாள். இப்படிப்பட்டவளுடைய தம்பிக்குக் கெடுதல் செய்துவிட்டு ஒருவன் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தான் என்றால், அவனுடைய புத்தியை என்ன சொல்வது?

கல்யாணம் சரிப்படாமல் தம்பியோடு வந்து சேர்ந்தவள் அவள். பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற கம்பெனியில் இருந்தாள். பிறகு தம்பி வேலை பார்த்த பாதுகாப்பு நிறுவனத்திலேயே சாமான் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். விலை உயர்ந்த சரக்கு ஏற்றிப் போகும் வண்டிகளுக்குக் காவல் அனுப்புவது அந்த நிறுவனத்தின் தொழில். கொக்கிக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு தையல் மிஷின், சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு ரிக். காவல்காரர்கள் மார்பில் மாட்டிக்கொள்வார்களே, முன்பக்கம் முழுக்கப் பைகளும் முதுகில் ஒரு பையும் தைத்த பட்டை, அதுதான் ரிக். பிய்ந்ததைத் தைப்பதும், கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. அடுக்குவது மட்டும் அவள் வேலை இல்லை. அவனவன் ரிக்கை அவனவன்தான் அடுக்க வேண்டும். ஒருவன் அடுக்கி வைத்ததை இன்னொருவன் தொடக்கூடாது. அவர்கள் மத்தியில் அது எழுதாத சட்டம். அவசரத்தில் கண் தேடாது, கைதான் தேடும். அது பழகின இடத்துக்குத்தான் போகும்.

அந்தச் சட்டம் இன்சார்ஜுக்குப் பொருந்தாது. அவனுக்கு இஸ்திரி என்று பெயர். மழையில் நனைந்தாலும் சட்டை மடிப்புக் கலையாத ஆசாமி. தன் ரிக்கைத் தானே அடுக்கியதே இல்லை. கொக்கியிடம் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான். அடுத்தவன் ரிக்கில் கைவைக்க மட்டும் கூசமாட்டான்.

ஒருநாள் வாசலில் மாட்டுவதற்காக எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ரத்தப்போக்கை நிறுத்தக் காலிலோ கையிலோ போட்டு முறுக்குகிற இறுக்குப்பட்டையை எல்லோரும் நெஞ்சுக்கு நேராக வைத்திருந்தார்கள். இழுத்தவுடன் வருவதற்காக அதன் நுனியில் ஆரஞ்சு நிற வால் ஒன்று தொங்கும். இஸ்திரிக்கு அது கண்ணை உறுத்தியது. "என்னடா இது, ஆளாளுக்கு வால் முளைச்ச மாதிரி!" என்று வரிசையாக வந்து, எல்லோருடைய பட்டையையும் உருவி, முதுகுப்பக்கத்துப் பைக்குள் திணித்தான். படம் முடிந்த கையோடு ஒரு வண்டி கிளம்ப வேண்டியிருந்தது. "சார், பட்டையை முன்னாடி மாத்திக்கிறேன்" என்றான் கொக்கியின் தம்பி. "அதெல்லாம் அப்புறம். ஏறுடா வண்டியில" என்றான் இஸ்திரி.

வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்துச் சுட்டார்கள். தம்பி தொடையில் குண்டு வாங்கி வண்டியின் பின்சக்கரத்தடியில் விழுந்தான். ஒரு கை காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் தேடியது. சுடுவது நின்று டிரைவர் ஓடி வருவதற்குள் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரைக் காப்பாற்றினார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

விசாரணையில் இஸ்திரி ஒரே வாக்கியத்தில் கை கழுவினான். "ரிக்கைச் சரிபார்க்க வேண்டியது போடுறவன் பொறுப்பு." படத்துக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தவர்கள்தான். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் தரையைப் பார்த்தபடி நின்றான். கவனக்குறைவு என்று சொல்லித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம்கூடக் கொக்கி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாளோ என்னவோ. வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் அவள் கண்ணில் படுகிற ஒரு காட்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. தம்பி கட்டிலில் உட்கார்ந்து வலது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து எதையோ துழாவிக்கொண்டே இருப்பான். இவளைக் கண்டதும் கையை எடுத்துவிடுவான். "இன்னும் கொஞ்சம் வளைச்சிருந்தா எட்டியிருக்கும்க்கா. நான்தான் பயந்துட்டேன்" என்றான் ஒருமுறை. காலை எடுத்தது போதாதென்று, அந்தப் பாவி இவன் மண்டைக்குள்ளேயும் புகுந்துவிட்டானே! இஸ்திரியின் வாயாலேயே உண்மையை வரவழைக்காவிட்டால் தான் கொக்கி இல்லை என்று கறுவிக்கொண்டாள்.

காலம் கனிந்தது. வைர வியாபாரிகள் சிலர் தங்கள் சரக்குக்குக் காவல் தேடினார்கள். வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்கள். முதலாளி, முற்றத்தில் ஒத்திகை காட்டலாம் என்றார். அடிபட்டு விழுகிற வேஷம் யாருக்கு? எல்லோரும் பார்க்கிற வேஷமாயிற்றே, இஸ்திரி விடுவானா? தான் விழ வேண்டும், டிரைவர் ஓடி வந்து கட்டுப்போட வேண்டும் என்று ஏற்பாடு. நிஜமாகத் தெரிவதற்காகக் கால்சட்டைக்குள் சிவப்புச் சாயம் நிரப்பிய பை ஒன்றை வைத்து அமுக்க வேண்டும். அதையும் கொக்கியே தயார் செய்யட்டும் என்றான். மகராசன், கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

புதிதாக வாங்கிய ரிக்கை மேஜைமேல் போட்டான். "நல்லா அம்சமா அடுக்கு. முன்னாடி எல்லாம் வழவழன்னு இருக்கணும். வால் கீல் எதுவும் தொங்கக்கூடாது."

டிரைவர் அப்போது கையுறை வாங்க வந்து கதவருகே நின்றிருந்தான். அவன் காதிலும் விழட்டும் என்று கொக்கி கேட்டாள்.

"இறுக்குப்பட்டையை எங்க சார் வைக்க?"

"பின்னாடி எங்கயாவது வை."

"பின்னாடியா சார்?"

"பின்னாடிதான்! தமிழ்ல சொன்னா புரியாதா உனக்கு?"

"புரிஞ்சுது சார்" என்றாள் கொக்கி, பச்சைப் பிள்ளை மாதிரி.

அவன் போனதும் உட்கார்ந்து அடுக்கினாள். அடுக்குவதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு. கனமானவை உடம்போடு ஒட்டி நடுவில்: தோட்டா மேகசின்கள், மேல்நுனி ஒரே பக்கம் பார்த்தபடி. இடது தோளுக்குக் கீழே வாக்கி டாக்கி, வயர் எங்கும் மாட்டாதபடி ரிக்கின் வாருக்கு அடியில் செருகினாள். வலது ஓரத்தில் டார்ச். புதிதாக ஒரு பேட்டரி. துணி கிழிக்கும் கத்தரியைக் கயிறு கட்டி நுழைத்தாள், விழுந்தாலும் தொலையாது. விசில், கையுறை, மார்க்கர் பேனா. ஆடும் நுனிகளையெல்லாம் டேப் போட்டு அடக்கி, ரிக்கைத் தூக்கி உலுக்கிப் பார்த்தாள். ஒரு சத்தம் வரவில்லை. யாரும் குறை சொல்ல முடியாது.

கடைசியாக இறுக்குப்பட்டை. பழகுவதற்கு வைத்திருந்த ஒரு பழைய பட்டை அலமாரியில் கிடந்தது; முறுக்கும் குச்சி விரிசல் விட்டிருந்தது. அதைக் கையில் எடுத்தாள். இதை வைத்துவிட்டால், என்றைக்காவது நிஜமாகவே அடிபடும் நாளில் குச்சி மட்டென்று ஒடியும். நினைப்பே இனித்தது. கொஞ்ச நேரம் அந்த இனிப்பை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பொய் சொல்வானேன். பிறகு அதைக் குப்பையில் எறிந்தாள். அவன் மேல் இரக்கம் வந்து அல்ல. செத்துப்போனவன் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டான். அவளுக்கு அவன் உயிரோடு வேண்டும். வாய் நன்றாக வேலை செய்கிற நிலையில் வேண்டும். புத்தம் புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து, தம்பியினுடையது இருந்த அதே முதுகுப் பையில், அதே மூலையில் வைத்து வெல்க்ரோவை ஒட்டினாள்.

டிரைவர் இன்னும் கதவருகிலேயே நின்றிருந்தான்.

"அக்கா, அது உங்க தம்பியோட பட்டை இருந்த இடமாச்சே."

"உனக்கு ஞாபகம் இருக்கா? விசாரணையில மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

அவன் முகம் சுருங்கிப்போனது. "வீட்டுல ரெண்டு சின்னதுங்க இருக்கு. நான் என்னக்கா பண்றது?"

"உன்னைப் பேசச் சொல்லலை. உனக்கு அது வராது. நாளைக்கு இஸ்திரி விழுந்து கூப்பிடும்போது ஓடாதே. நில்லு. நிக்கவாவது வருமில்ல?"

அவன் கையுறையை எடுத்துக்கொண்டு போனான். செய்வானா, மாட்டானா என்று கொக்கிக்குத் தெரியாது. செய்யாவிட்டால் எல்லாம் வீண். டிரைவர் ஓடி வந்து பட்டையை உருவிக் கட்டிவிடுவான், கை தட்டுவார்கள், இஸ்திரி எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வான். அந்தக் கவலையிலும் அவள் சாயத்தைக் குறைக்கவில்லை. கெட்டியாகக் கலக்கினாள்.

மறுநாள் முற்றத்தில் நாற்காலிகள் போட்டு வைர வியாபாரிகள் உட்கார்ந்தார்கள். முதலாளி பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இஸ்திரி புது ரிக்கோடு மாப்பிள்ளை மாதிரி வந்தான். பட்டாசு ஒன்று வெடித்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தடியில் அழகாக விழுந்தான். சாயப் பையை அமுக்கினான். சிவப்பு குபுகுபுவென்று பரவியது.

"அடிபட்டுட்டேன்! இங்க வா!"

டிரைவர் நின்றான்.

"டேய், இங்க வாடா!"

டிரைவர் ஒருமுறை கொக்கியைப் பார்த்தான். இடத்தை விட்டு நகரவில்லை.

வியாபாரிகளில் ஓர் அம்மா முதலாளி பக்கம் திரும்பினார். "யாரும் வர முடியலைன்னா என்ன செய்வாரு? தானே கட்டிக்குவாரா?"

"கட்டிக்குவார்மா, எல்லாத்துக்கும் பயிற்சி இருக்கு" என்றார் முதலாளி. பிறகு இஸ்திரியைப் பார்த்து, "நீங்களே கட்டிக் காட்டுங்க!" என்றார்.

இஸ்திரியின் கை நெஞ்சுக்குப் போனது. வழவழவென்று இருந்தது. வலப்பக்கம் தடவினான், டார்ச். இடப்பக்கம் தடவினான், வாக்கி டாக்கி. அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தில் ஈயாடவில்லை. கையைப் பின்னால் வளைத்தான். எட்டவில்லை. ஒருக்களித்துப் படுத்தான். ரிக்கின் கனம் அவனை மறுபடி மல்லாத்தியது. ரிக்கைக் கழற்றப் பார்த்தான். பக்கவாட்டுக் கொக்கி உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. உருண்டான், முனகினான். மடிப்புக் கலையாத அந்தச் சட்டை முழுக்கச் சாயமும் மண்ணும். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. படத்துக்கு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் பொறுமை இழந்து கத்தினான். "எவ இதைப் பின்னாடி வச்சது? கொக்கி! அறிவிருக்கா உனக்கு? பின்னாடி வச்சா எவனுக்குடி கை எட்டும்?"

கொக்கி இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, அப்படி ஒரு சந்தோஷம். முற்றத்தின் நடுவுக்கு நடந்து வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எவனுக்குக் கை எட்டும்னு கேக்கறாரு. பின்னாடி வைக்கச் சொன்னது நீங்கதான் சார். இந்தத் தடவையும் நீங்கதான், போன தடவையும் நீங்கதான். சரிபார்க்க வேண்டியது போடுறவன் பொறுப்புன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப போட்டிருக்கிறது யாரு சார்?"

"வாயை மூடு! முதலாளி, இவ வேணும்னே—"

"நான் கேட்டேன் சார்" என்று ஒரு குரல் வந்தது. டிரைவர். "நேத்து அக்கா ரெண்டு தடவை கேட்டாங்க. இவர்தான் பின்னாடி வைக்கச் சொன்னாரு. அன்னைக்கு படம் எடுக்கும்போதும் எங்க எல்லாரோடதையும் இவர்தான் பின்னாடி வச்சாரு. பையன் மாத்திக்கிறேன்னு கேட்டான். இவர்தான் விடலை."

வரிசையில் இன்னொருவன் "ஆமா" என்றான். அப்புறம் இன்னொருவன். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். முதலாளி பேயறைந்தவர் மாதிரி நின்றார். இஸ்திரி இன்னும் மல்லாந்துதான் கிடந்தான். தூக்கிவிட யாரும் போகவில்லை.

கம்பெனி விஷயத்தை வெளியாள் முன்னால் போட்டு உடைத்தவளை வைத்துக்கொள்வார்களா? அன்றைக்கே கொக்கியை அனுப்பிவிட்டார்கள். இஸ்திரியையும் அனுப்பினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டாள். தம்பியின் பெயரில் இருந்த கவனக்குறைவை எடுத்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று மத்தியானம் அவள் தன் கத்தரியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் அதை எடுப்பதற்குள் அவள் கதவைக்கூடச் சாத்தாமல் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். சாயத்தைச் சொல்லும்போது இரண்டு தரம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"நெஜமாவே முயற்சி பண்ணினானா?"

"உருண்டான்டா. நாக்குத் தள்ளிடுச்சு."

"அவனுக்கு என்னைவிடக் கை நீளமாச்சே."

"நீளம்தான்."

"குண்டு கிண்டு எதுவும் படலை இல்ல?"

"ஒரு கீறல் இல்லை."

"அப்படியும் எட்டலையா?"

"எட்டலைடா."

தம்பி முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்போ எனக்கும் எட்டியிருக்காதுக்கா" என்றான்.