பெயருக்கு ஒரு பொறுப்பாளர்

பிரசாந்தினி கோபக்காரி என்று பேர்னுக்குப் பக்கத்தில் இருக்கிற துன் நகரத்துத் தமிழர் மத்தியில் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் சொல்லித் திரிகிறவர்கள் எல்லோரும் அவளிடம் எப்போதோ வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எடுத்ததற்கெல்லாம் சீறுகிற பெண் அல்ல அவள். கறிக்கு உப்புக் கூடினால் பேசாமல் சாப்பிட்டுவிடுவாள். பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஆனால் தெரியாத வேலையைத் தெரியும் என்று ஒருவர் கதிரையில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குக் காரணம் இருந்தது. கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பல வருடம் கட்டில் விரித்து, குளியலறை தேய்த்து, இடுப்பு நாரி விட்டுப்போன பிறகு, அறைகளுக்குப் பொறுப்பாக என்னைப் போடுவீர்களா என்று கேட்டாள். முதலாளி நல்ல மனிதர்தான். முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்றார். இந்த நாட்டில் அப்படித்தான். தலைமுடி வெட்டுகிறவரும் வருடக்கணக்கில் படித்திருப்பார், பேக்கரியில் பாண் போடுகிறவரும் பரீட்சை எழுதியிருப்பார். பிரசாந்தினி நாற்பது வயதில் வாய்க்குள் நுழையாத ஜேர்மன் சொற்களை அழுதழுது பாடமாக்கினாள். முதல் தடவை பெயில். அதை அவள் யாருக்கும் ஒளிக்கவில்லை. இரண்டாம் தடவை பாஸ் பண்ணி, அறைகளின் சாவிக்கொத்தை இடுப்பில் கட்டினாள். பிறகு ஒருநாள் முதலாளி, ஹோட்டல் நீச்சல் தடாகத்துக்கு மருந்து கலக்கும் வேலையையும் நீங்களே பாருங்கள், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றபோது, அது நான் படிக்காத வேலை, மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள்.

கணவன் சிறீதரனுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, மகள் யாதவி என்றால் உயிர். அவருக்கு இருந்த ஒரே ஆசை மேடை ஆசை. ஒலிவாங்கியைக் கண்டால் அவருக்குச் சேர்ட் பொத்தான் தானாகச் சரியாகிவிடும். ஆனால் மேடைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பனி கொட்டிய அந்த மாரிகாலம் முழுவதும் வேலை முடிந்து வந்தால் தொலைக்காட்சிதான். அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்கப் போகிற நேரம். யாரை எந்தப் பதவிக்கு நியமிக்கப் போகிறார் என்பதுதான் எங்கும் கதை. அந்தந்தத் துறையில் அனுபவமில்லாதவர்களின் பெயர்கள் அடிபடுவதாக உலகத்தில் பலர் கவலைப்பட்டார்கள். அவர்களில் மிகவும் கவலைப்பட்டவர் துன் நகரத்துச் சிறீதரன். சமைக்கத் தெரியாதவனிடம் சட்டியைக் கொடுத்தால் சனம் எதைத் தின்பது என்று சோபாவில் இருந்தபடி வெள்ளை மாளிகையைக் கேட்டார். பிரசாந்தினியும் உடுப்பு மடித்துக்கொண்டே ஓம், ஓம் என்றாள். புருசனும் பெண்சாதியும் ஒரே கருத்தோடு இருந்த மாரிகாலம் அது.

தை மாதக் கடைசியில் ஏரிக்கரைத் தமிழ் மன்றத்தின் பொதுக்கூட்டம் வந்தது. தலைவர் பதவிக்குக் கடைக்காரர் இராஜேந்திரனும், பழைய நிர்வாகத்தில் இருந்த தயாநிதியும் போட்டியிட்டார்கள். இராஜேந்திரன் வென்றார். வென்ற கையோடு, தனக்கு வாக்குச் சேர்த்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, பதவி கொடுத்தார். பாட்டுக் கேட்டால் காதைப் பொத்துகிற மனிதர் கலைப் பொறுப்பாளர் ஆனார். வந்த மின்னஞ்சலைத் திறந்து பார்க்காத குகநாதன் செயலாளர் ஆனார். நம்மவர்களிடம் இது ஒரு பெரிய வியாதி. பதவி என்றால் மரியாதை என்று நினைக்கிறோம். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கடைசியாக, கோடைகாலச் சிறுவர் முகாமின் நீர்ப் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று அறிவித்து, சிறீதரனைக் கூப்பிட்டார்கள்.

மண்டபம் கை தட்டியது. பிரசாந்தினி தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். சிறீதரனுக்கு நீந்தத் தெரியாது. கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்த மனிதர். ஏரியில் கப்பல் சவாரி போனாலும் நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை உலகத்தில் அவள் ஒருத்திதான் அறிவாள்.

முகாம் என்பது ஆடி மாத விடுமுறையில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கிழமை ஏரியோரம் கழிக்கிற கொண்டாட்டம். பாடி என்று இங்கே சொல்கிற பொது நீச்சலிடம் என்றால் சம்பளத்துக்குக் காவலர் இருப்பார். இது மன்றம் வாடகைக்கு எடுக்கிற புல்வெளி. அங்கே நாலடி வைத்தால் நிலம் சட்டென்று இறங்கிவிடும். தண்ணீரோ கோடையிலும் ஐஸ். அதனால்தான் முன்பெல்லாம் தக்ஷிகா காவலுக்கு நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, உயிர்காப்புப் பரீட்சை எடுத்துச் சான்றிதழை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருப்பவள். கரையில் நிற்கும்போது அவளோடு யாரும் கதைக்கக் கூடாது, கண் தண்ணீரை விட்டு எடுக்கமாட்டாள். ஒருமுறை ஒரு சிறுவனை அவள் இழுத்து வெளியே போட்ட வேகத்தில், அவன் துவாயால் போர்த்தியிருக்கும்போதுதான் தாய்க்கே விஷயம் தெரிந்தது. அப்படிப்பட்டவளை ஏன் விலக்கினார்கள் என்றால், அவள் தயாநிதியின் மகள். அவ்வளவுதான்.

நீந்தத் தெரியாமல் எப்படி நிற்பீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் பிரசாந்தினி கேட்டாள். சிறீதரன் பொன்னாடையை மடிக்க மனமில்லாமல் தோளிலேயே வைத்திருந்தார். பெடியள் யாராவது நிற்பார்கள் என்றார். இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லை என்றார். பிறகு எல்லோரும் சொல்கிற அந்த வசனத்தைச் சொன்னார்.

“பெயருக்குத்தானேயப்பா.”

“பெயர் தண்ணிக்குள்ள குதிக்குமோ?” என்றாள் பிரசாந்தினி.

அவர் முகம் வாடிப்போனது. இந்த நாட்டுக்கு வந்த காலம் முதல் உருளைக்கிழங்கு உரிக்கிறேன், என் பெயரை ஒருவன் ஒலிவாங்கியில் சொன்னது இன்றைக்குத்தான், அதுவும் உமக்குப் பொறுக்கவில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. அவளுக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, இரக்கத்தோடு சேர்ந்து இராஜேந்திரன்மேல் இரட்டிப்புக் கோபமும் வந்தது. ஒரு மனிதனுடைய ஏக்கத்தை விலைக்கு வாங்கி, அவன் கழுத்தில் பிள்ளைகளின் உயிரைக் கட்டிவிட்டிருக்கிறார் பாவி.

அடுத்த கிழமை கடைக்குப் போனாள். தண்ணீருக்குத் தக்ஷிகாவையே கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னதை இராஜேந்திரன் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே மிக மரியாதையாகக் கேட்டார். தக்ஷிகாவைக் கூப்பிட முடியாதாம், தகப்பன் வெளியில் நின்று நிர்வாகத்தைத் தாக்குகிறாராம், கூப்பிட்டால் தாங்கள் பணிந்துபோனது மாதிரி ஆகிவிடுமாம். தகப்பன் நீந்தப்போவதில்லை, மகள்தானே நீந்துவாள் என்றாள் பிரசாந்தினி. அவர் சிரித்துவிட்டு, யாதவிக்கு என்று ஒரு முறுக்குப் பைக்கற்றைக் கையில் வைத்தார். அந்தப் பைக்கற்றைத் திரும்பக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தாள்.

சிறீதரனைப் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்த்தும் பார்த்தாள். ஒரே ஒருநாள் போனார். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி வகுப்பு முடியும்வரை நின்றுவிட்டு வந்தார். பிறகு வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றார்.

ஆடி மாதம் வந்தது. முகாமுக்கு முதல்நாள், அவள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவரே ஒரு வழி சொன்னார்.

“உமக்கு அவ்வளவு பயமெண்டால் யாதவியை விடவேண்டாம்.”

பிரசாந்தினி செய்துகொண்டிருந்த வேலையை விட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த மனிதருக்கும் தெரிந்திருக்கிறது. சும்மா பெயருக்கு என்று அவரும் உள்ளுக்குள் நம்பவில்லை. தன்னுடைய பிள்ளையை விடமாட்டார், ஊரார் பிள்ளைகளை விடுவார்.

“எங்கட பிள்ளையை வீட்டில வைச்சுப்போட்டு மற்றவையின்ர பிள்ளையளைத் தண்ணிக்குள்ள விடுறதோ? இதைச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையோ?”

மறுநாள் காலையில் ஹோட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, யாதவியையும் கூட்டிக்கொண்டு புல்வெளி வாசலில் போய் நின்றாள்.

சிறீதரன் முன்னரே வந்திருந்தார். முதுகில் பாதுகாப்பு என்று அச்சடித்த செம்மஞ்சள் ரீசேர்ட், கழுத்தில் விசில். பிள்ளைகளைக் கொண்டுவந்த தாய்மார் ஒவ்வொருவரிடமும் பிரசாந்தினி ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். தண்ணீருக்குப் பொறுப்பாக நிற்பது என் கணவர், அவருக்கு நீந்தத் தெரியாது, உங்கள் பிள்ளையை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். கட்டிய கணவனை ஊர் முன்னால் இறக்குவது அவளுக்கு மட்டும் இலேசான காரியமா? சிலர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். புருசன் பெண்சாதிச் சண்டையை இங்கே கொண்டுவந்திருக்கிறாள் என்று ரிஷானி என்கிற தாய் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். ஆனால் சொன்னவளும் மகனின் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. நீச்சல் உடுப்போடு பிள்ளைகள் வெயிலில் நின்று எப்போது இறங்கலாம் என்று அரித்தெடுத்தார்கள்.

இராஜேந்திரன் வேகமாக வந்தார்.

“என்ன தங்கச்சி, கட்டின மனுசனை நீரே அவமானப்படுத்தலாமோ?”

“நான் ஒண்டும் இட்டுக்கட்டேல்லை அண்ணை. அந்தா நிக்கிறார். அவரிட்டையே கேளுங்கோ.”

கேட்டிருக்க வேண்டியதை அவர் அப்போதும் கேட்கவில்லை. பொதுக்கூட்டத்தில் கேட்கவில்லை, கடையில் வைத்துக் கேட்கவில்லை, இந்த வாசலிலும் கேட்கவில்லை. நிர்வாகத்தின் முடிவு, கட்டுப்பாடு, ஒற்றுமை என்று பெரிய பெரிய சொற்களாகச் சொல்லிக்கொண்டு போனார். தாய்மார் அவரைப் பார்க்கவில்லை. சிறீதரனைப் பார்த்தார்கள். யாதவியும் அப்பாவைத்தான் பார்த்தாள்.

சிறீதரன் தண்ணீரைப் பார்த்தார். பிறகு விசிலைக் கழற்றினார். ஒலிவாங்கி இல்லை, மேடை இல்லை. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எனக்கு நீந்தத் தெரியாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும் மசியவே இல்லை. அந்த விசிலை வாங்கி, பரவாயில்லை, பெயருக்குத்தானே என்றபடி, பக்கத்தில் நின்ற செயலாளர் குகநாதனின் கழுத்தில் மாட்டிவிட்டார். குகநாதனும் தலையைக் குனிந்து மாலை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். பிரசாந்தினி வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ரிஷானியின் குரல் கேட்டது.

“குகநாதன் அண்ணை, நீங்கள் நீந்துவியளோ?”

குகநாதன் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஏரியைப் பார்த்தார். விசில் மறுபடியும் இராஜேந்திரனின் கைக்கு வந்தது. அதற்குமேல் அதை மாட்டுவதற்கு அவருடைய நிர்வாகத்தில் ஒரு கழுத்தும் முன்வரவில்லை.

பிரசாந்தினி போனை எடுத்துத் தக்ஷிகாவைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை பேர்னில் வேலையில் இருந்தாள். மத்தியானத்தோடு முடித்துவிட்டு வரலாம் என்றாள். ஆனால் அன்ரி, தலைவர் வாயால் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் யார் வரச் சொன்னது என்று நாளைக்குக் கேட்பார்கள் என்றாள். அதில் என்ன பிழை. பிரசாந்தினி போனை இராஜேந்திரனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நிர்வாகம் கூடிப் பேசவேண்டும் என்றார். தேவையானால் இந்த வருடம் தண்ணீரில் இறங்குவதை நிறுத்திவிடலாம், அதற்குப் பொறுப்பு யார் என்று சனத்துக்குத் தெரியும் என்றும் சொல்லிப் பிரசாந்தினியைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பிள்ளைகளின் ஆசையைவிட, உயிரைவிட, ஒரு போனைக் காதில் வைப்பது இந்த மனிதனுக்குப் பெரிய காரியமாக இருக்கிறதே என்று நெஞ்சு கொதித்தது.

காலை முழுவதும் அவள் பக்கம் திரும்பாத சிறீதரன் நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் கையிலிருந்த போனை எடுத்துத் தானே நீட்டினார்.

“பிடியுங்கோ அண்ணை. தெரியாது எண்டு சொல்லிப்போட்டு நான் உயிரோடதான் நிக்கிறன். நீங்களும் சொல்லிப் பாருங்கோ.”

தாய்மார் நெருங்கி வந்து நின்றார்கள். இராஜேந்திரன் அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“நான் இராஜேந்திரன் கதைக்கிறன் பிள்ளை,” என்றார். “நீங்கள் ஒருக்கா வரோணும். இஞ்ச எங்களில ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது.”