வெல்டர் வீட்டு ஆமைக்கு விளக்கு

மீன்தொட்டிக் கடை வைத்தவனுக்கு மீன் வாங்கிப் போனவரால் தொல்லை இல்லை. ஆமை வாங்கிப் போனவர், ஆமை இருக்கும்வரை திரும்பத் திரும்ப வருவார், அதுவோ முப்பது வருடம் இருக்கும். ஆமையால் நிம்மதி கெட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வெயில் ஊரில் விளக்கு

ஆமைக்கு இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு, கல்லில் ஏறி உடம்பை உலர்த்திக்கொள்ள. இன்னொன்று யு.வி. விளக்கு; அந்தக் கதிர் பட்டால்தான் ஓடு இறுகும். இதை ஒரு நாளைக்கு நாலு தடவை ஒப்பிக்கிறேன். கேட்பவர்கள் வாசலில் கொளுத்தும் வெயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஹாலுக்குள் அடைத்து வைத்த ஆமைக்கு வெயில் எங்கிருந்து வரும் என்று நான் குரலை உயர்த்தும் நேரம் பார்த்து, பக்கத்து எலக்ட்ரிகல் கடை பாபு வந்து வியாபாரத்தைக் கெடுப்பான்.

"மாமே, ஆவடி வெயில்ல எனக்கே ஓடு முளைச்சிடும் போலக் கீது, நீ ஆமைக்கு பல்பு வித்துகினு கீற."

கண்ணில் மணல்

சண்முகவேல் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், குவார்ட்டர்ஸில் வீடு. மகள் தீபாவின் ஆமையை ஒரு பக்கெட்டில் கொண்டு வந்தார். ஓட்டை அழுத்தினேன், பழைய செருப்பு மாதிரி அமுங்கியது. யு.வி. விளக்கே போடவில்லை என்றார். எடுத்துக் கொடுத்து, கல்லுக்கு ஒன்றரைச் சாண் உயரத்தில் மாட்டுங்கள், நேராகப் பார்க்காதீர்கள் என்றேன். பெட்டியை வாங்கியவர் கையை நீட்டியபடியே நின்றார். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் கெட்டால் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும், அது இந்தக் கதிரால்தான் என்றார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பயந்துதான் இருவது வருசமா மூஞ்சிய மறைச்சிக்கிட்டு வேலை பாக்கேன். இதையா அந்த வாயில்லா ஜீவன் தலைக்கு மேல மாட்டச் சொல்லுதிய?"

ஒரு தேதி

ஒரு மாதம் போனது, ஓடு இறுகவில்லை. ஆமை தீனியைத் தொடவில்லை. மருந்து கொடுத்த கால்நடை டாக்டர், இப்படியே போனால் தேறாது என்று சொல்லிவிட்டார். விளக்கு மட்டமோ என்று வேறொன்றை மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் பலன் இல்லை. போன் அடித்தாலே சண்முகவேல் வீடாக இருக்குமோ என்று கவனம் சிதறியது. தங்கமீன் கேட்டவருக்கு வேறு மீனைப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் போனில் பேசியது தீபா.

"அங்கிள், லைட்டு நல்லாத்தான் எரியுது. எப்போ சரியாவும்னு ஒரு தேதி சொல்லுங்க, அதுவரைக்கும் நான் அழமாட்டேன்."

கண்ணாடி

அதற்கு மேல் கடையில் உட்கார முடியவில்லை. பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தொட்டி சுத்தமாக இருந்தது, இரண்டு விளக்கும் எரிந்தன. ஆனால் விளக்குக்கும் கல்லுக்கும் நடுவில், ஸ்டீல் சட்டத்தில், தடியான கண்ணாடி ஒன்று. ஆமையின் கண் கெட்டுவிடக் கூடாதென்று சண்முகவேல் தன் கையால் அளவெடுத்துப் பொருத்தியது. வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டும், ஓட்டுக்கு வேண்டிய கதிர் தாண்டாது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. கண்ணாடி போட யார் சொன்னது என்று அவர் வீட்டிலேயே நின்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க கடை ஆமைத் தொட்டில விளக்குக்குக் கீழ கண்ணாடி மூடி இருந்துச்சே அண்ணாச்சி, அதப் பாத்துத்தான் செஞ்சேன்."

தொட்டுப் பார்த்தேன்

அந்த மூடி, தண்ணீர் தெறித்து விளக்கு வெடிக்காமல் இருக்க நானே போட்டது. சண்முகவேல் சட்டத்தைக் கழற்றினார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். தீபாவின் ஆமை இப்போது கல்லில் ஏறுகிறது, தீனி கொஞ்சம் எடுக்கிறது. ஓடு இறுக மாதங்கள் ஆகுமாம். ஆனால் அன்று கடைக்குத் திரும்பியதும் மூடியை எடுத்துவிட்டு என் ஆமையைத் தூக்கினேன். கட்டைவிரல் பட்ட இடம் அமுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பாபு இந்தமுறை சிரிக்கவில்லை.

"டாக்டராண்ட நீ எடுத்துகினு போ மாமே, கடைய நான் பாத்துக்கிறேன்."

ஊரார் ஆமைகளுக்கெல்லாம் பதினோரு வருடம் புத்தி சொன்ன எனக்கு, என் ஆமையின் ஓட்டைத் தொட்டுப் பார்க்க ஒரு வெல்டர் வீடுவரை போய்வர வேண்டியிருந்தது.