குடும்பக் குழுவில் போட்ட கடிதம்

தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் காயில் எனும் கம்பிச்சுருள் கட்டுவது அவள் வேலை. எரிந்துபோன செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவாள். பட்டறையில் அவளைக் கம்பியக்கா என்பார்கள்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்பாவின் தங்கைகள் இருவரும் அந்த நோயில்தான் போனார்கள். சிகிச்சை முடிந்து எடுத்த மரபணுப் பரிசோதனையில், இது பரம்பரையாக வரும் கோளாறு என்று தெரிந்தது. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"அப்பா வழிச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் குடுங்க. ஆம்பளைங்களுக்கும்தான்."

முதலில் அண்ணனிடம் போனாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கண்ணாடிகூடப் போடாமல் கடிதத்தைப் புரட்டினார்.

"இது பொம்பளைங்க நோய். எனக்கென்ன?"

"உனக்கும் அந்தக் கோளாறு இருக்கலாம்ணே. உன்கிட்டேர்ந்து பிள்ளைங்களுக்கும் போயிருக்கலாம்."

"வாயைக் கழுவு. நல்லா இருக்கிற புள்ளைங்களுக்கு நோயைக் கூட்டிட்டு வர்றே."

அத்தை மகன் "அடுத்த வாரம் பேசலாம்" என்று ஐந்து வாரம் சொன்னான். சித்தப்பா மகள், "இதெல்லாம் என்கிட்ட சொல்லாதே" என்று போனை வைத்துவிட்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடிதத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். சித்தி ஒருத்தி ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்ப, கடிதம் மேலே போய் மறைந்தது.

அன்று ஒரே காயிலை மூன்று தடவை தப்பாகச் சுற்றி அவிழ்த்தாள்.

"செவுத்துக்கிட்ட சொல்லியிருந்தாலும் எதிரொலியாவது வந்திருக்கும்" என்று முதலாளியிடம் பொரிந்து தள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் பட்டறைக்கே வந்துவிட்டாள். இருபத்தேழு வயது.

"அத்தை, குழுவுல போட்டது மங்கலா இருக்கு. அந்த லெட்டரைக் காட்டுங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா?"

இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்; அண்ணன் மகள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஆறு வாரத்தில் முடிவு வந்தது. அவளுக்கும் அதே கோளாறு. நோய் எதுவும் இல்லை. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

விஷயம் தெரிந்து அண்ணன் போன் செய்தார்.

"இப்ப திருப்தியா? என் பொண்ணு தலையில கொண்டுபோய் ஏத்திட்டே."

"நான் ஏத்தலைணே. அது உன் வழியாத்தான் வந்திருக்கு. நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ."

லைன் துண்டிக்கப்பட்டது. அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை.

அவருக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஒருவன் உண்டு. அண்ணன் மகளிடம் எண் வாங்கி, மதிய இடைவேளையில் கம்பியக்கா அவனைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். இதுவரை அவன் போனை எடுக்கவில்லை.