முனை சேர்ந்த அலை

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் வரையும் கெங்கம்மாளுக்கு, கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் தவறினாலும் கோபம் வந்துவிடும். அவள் கணவன் சின்னக்கண்ணு ரேடியோ மெக்கானிக். 1986இல் அவன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, கச்சேரிக் குழுவின் கீபோர்டுக்குப் புது வாத்தியக் குரல் ஒன்று செய்யக் கிளம்பினான்.

அவன் எழுதிய புரோகிராம், ஓர் ஒலி அலையின் ஏற்ற இறக்கங்களாக அறுபத்து நான்கு எண்களை ஒழுங்கில்லாமல் உதிர்க்கும். அப்படியே ஒலிக்கவிட்டால் தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். பிறகு ஒவ்வோர் எண்ணையும் பக்கத்து எண்களோடு சராசரியாக்கி, கூச்சலைத் தேய்த்து எடுக்கும். அந்த அறுபத்து நான்கையும், கடைசி எண் முடிந்ததும் மறுபடி முதல் எண்ணிலிருந்து எனத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒரு சுரம். ஆனால் அடியில் ஒரு கரகரப்பு மட்டும் போகவே இல்லை. மூன்று ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்துவிட்டான்.

"ஒரே பேஜாரா கீது. அந்த நம்பருங்கள இப்படிக் குடுங்க" என்று பிடுங்கிய கெங்கம்மாள், அவற்றைத் தன் தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"பார்டர்ல கடைசிக் கட்டம் மொதக் கட்டத்தோட சேரலன்னா, சேல பூரா வெட்டு வெட்டா தெரியும். உங்க அலை எட்டுல ஆரம்பிச்சு நாப்பதுல முடியுது பாருங்க."

கடைசிப் பத்து எண்களை அவளே எட்டை நோக்கிச் சரிவாக இறக்கி எழுதிக் கொடுத்தாள். கரகரப்பு போய், புல்லாங்குழல் போல ஒரு குரல் எழுந்தது. கழற்றிப் போட்ட மூன்று ஸ்பீக்கர்களையும் சின்னக்கண்ணு ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

கெங்கம்மாள் தான் வரைந்த, கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கும் சேலைக் கரை டிசைனை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"பத்து வருஷமா இது ஊமையாவே கீது" என்றாள். "இதயும் நம்பராக்கிப் பாட வைங்க."