ஐஸ் பிளான்ட்டுக்குப் போன டிஸ்கோ

மீனையே நாறாமல் காப்பாற்றுகிற இடம், ஒரு இசைத்தட்டைக் காப்பாற்றாதா என்று நம்பினேன். தலை பாதி நரைத்த பிறகு, நல்ல நினைவோடுதான் நம்பினேன்.

நான் பழைய டிஸ்கோ, ஃபங்க் ஆல்பங்கள் சேர்ப்பவன். அதிலும் தொகுப்புகள் மட்டும். ஊர் பேர் தெரியாத பல குழுக்களிடம் ஆளுக்கொரு பாட்டு வாங்கி, ஒரே தட்டில் போட்டுக் கொஞ்சம் விற்றுவிட்டுக் கம்பெனியையே மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பாட்டு செல்போனில் கிடைக்காது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இப்படி ஒரு ஆள் குடியிருப்பதை என் மனைவி இதுவரை அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. குடும்பத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

என்னிடம் இருப்பதிலேயே அரியது, கோட்டைப்பட்டினத்தில் சிங்கப்பூர் போய்வந்த ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. அட்டையில் ஒரு ஜிகினா உருண்டை, அதன் கீழே புதர் மாதிரி முடியோடு ஒரு ஆள், இரண்டு பேர் நுழையக்கூடிய பெல்பாட்டம். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஃபங்க் பாட்டு இருக்கிறது. இணையத்தில் எவ்வளவோ தேடிவிட்டேன், வேறெங்கும் இல்லை. அது போனால் போனதுதான்.

சித்திரை வெயிலில் ஒருநாள், சேகரிப்பாளர்கள் குழுவில் யாரோ ஒரு படம் போட்டார்கள். வெயில் பட்ட இசைத்தட்டு, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. அவ்வளவுதான். அலமாரியைச் சுற்றி ஈரத்துண்டு கட்டினேன். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். “அடுப்படியில நான் வேகுறேன். எனக்கு ஒருநாள் இந்த ஃபேனத் திருப்பிருக்கீங்களா?”

“நீ நெளிய மாட்டடி” என்றேன். அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

என் தங்கை வீட்டுக்காரர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஒரு காதுகுத்துக்காகப் புதுக்கோட்டை வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“மாப்ள, ஒங்க ஐஸ் ரூம்ல ஓரமா ஒரு எடம் வேணும்.”

“மச்சான், அங்க றாலும் கணவாயும்தான் வைப்போம்.”

“நம்ம ஆல்பத்தையும் வைங்க.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அட்டையிலிருந்த ஜிகினா உருண்டையைப் பார்த்தார். “சரி மச்சான். ஒங்களுக்குச் செய்யாம” என்று வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் போன் செய்தேன். “எப்புடி இருக்கு மாப்ள?”

“குளுகுளுன்னு இருக்கு மச்சான்.”

பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்த்தபோதுகூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை.

ஒருநாள் காலை டீக்கடை டிவியில் செய்தி. நடுக்கடலில் ஜெகதாப்பட்டினத்து மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது, விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை. கடையில் எல்லோரும் பிடிபட்டவர்களை நினைத்து உச்சுக்கொட்டினார்கள். என் மூளை வேறு கணக்குப் போட்டது. படகு போகாது, மீன் வராது, ஐஸ் பிளான்ட் ஓடாது, ரூம் சூடாகும், தட்டு அப்பளமாகும். மாப்பிள்ளைக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஜெகதாப்பட்டினத்தில் இறங்கியதும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்டேன். “ஐஸ் பிளான்ட் தொறந்திருக்காங்க?”

என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா பதறினார். “என்னங்க இப்புடி வேர்த்துருக்கு? ஒங்க வீட்டு ஆளையும் புடிச்சுட்டாங்களா?”

“இல்லைங்க. பாட்டு ரெக்கார்டு ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு.”

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “ஐஸ் பிளான்ட்டு அங்கிட்டு” என்று திரும்பாமலே கையைக் காட்டினார்.

பிளான்ட் பூட்டியிருந்தது. தங்கை வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை, பிடிபட்டவர்களை விடச்சொல்லி நடக்கும் போராட்டத்துக்குப் போயிருந்தார். வாசலிலேயே கத்தினேன். “ஐஸ் ரூம் சாவி எங்க?”

“எதுக்குண்ணே?”

“என் ஆல்பம்!”

“அந்தப் புதர்மண்டையன் படம் போட்டதா? அது அன்னைக்கே வீட்டுக்கு வந்துருச்சு. ஐஸுல வச்சா அட்ட ஊறிப்போயிரும்ல. அந்தா, கட்டிலுக்கு அடியில எம் பட்டுச்சேல பெட்டிக்குள்ள இருக்கு.”

“தெனமும் குளுகுளுன்னு இருக்குன்னாரே!”

“சிமெண்டுத் தரைண்ணே. குளுகுளுன்னுதான் இருக்கும்.”

எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி நேராக இருந்தது, லேசாகப் பாச்சை உருண்டை வாசம். தங்கை சொன்னாள், “மழை விழுகுற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்ணே. சாப்புட்டுப் போ.”

இவர்களை இனி எப்படி நம்புவது? சாப்பிடாமல் ஆல்பத்தோடு கிளம்பினேன்.

மத்தியான பஸ். மேற்குப் பக்க ஜன்னலோரம் காற்று வரும் என்று உட்கார்ந்தேன். கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, “வெயிலடிக்கிற பக்கமா ஒக்காந்திருக்கீங்க, இங்கிட்டு எடம் கெடக்கே?” என்றார்.

“காத்து வருதுங்க” என்றேன்.

மீமிசலில் ஒருவர் கருவாட்டு மூட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடித்துவிடுவாரே என்று ஆல்பத்தை எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்தி, தோளால் அணைகொடுத்தேன். அறந்தாங்கியில் கூட்டம் நெருக்கியது. ஜன்னல் பக்கமாக இன்னும் இறுக்கிக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியசாலி நான் என்று புதுக்கோட்டை வரை பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிளேயரில் வைத்தேன். முள், அலையில் மாட்டிய வள்ளம் மாதிரி ஏறி இறங்கியது. மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் துள்ளிக் கடைசிக்கே போய்விட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஃபேனத் திருப்பவாங்க?”

அலமாரியிலிருந்த மற்ற ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஈரத்துண்டு காய்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஒன்றுகூட வளையவில்லை. அந்தக் கோடையில் வளைந்தது ஒன்றே ஒன்றுதான். நான் பஸ்ஸில் காப்பாற்றிக் கொண்டுவந்தது.